கே இளைஞர்கள் ஏன் கடற்கரையிலும் பூங்காவிலும் சந்திக்கிறார்கள்?

பாண்டியிலோ கடலூரிலோ வளர்ந்த ஒரு பையன், தன் ஈர்ப்பு ஆண்கள் மேல்தான் என்று இருபது வயதில் தெளிவாக உணர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவனுக்கு வரும் கேள்வி: என்னைப் போல இன்னொருவனை எங்கே பார்ப்பது? கல்லூரியில் வாய் திறந்து கேட்க முடியாது. சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரும் அறிமுகம் செய்து வைக்கப் போவதில்லை. பெரும்பாலான ஊர்களில் பல தலைமுறைகளாக இதற்குக் கிடைத்துவரும் விடை கடற்கரை, பூங்கா, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம். ஏன் அப்படி என்பதை, இதைப் பற்றி இதுவரை எதுவும் கேள்விப்படாதவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

ஆண்கள் மேல் ஈர்ப்புள்ள ஆண்களைத்தான் கே என்கிறேன். தன்பாலீர்ப்பாளர் என்றும் எழுதுவேன். சொல்வதெல்லாம் 18 வயது நிறைந்தவர்களைப் பற்றி. அப்புறம் ஒன்று: ஊர்ப் பெயரும் சாலைப் பெயரும் வரும், எந்த மூலை, எத்தனை மணி என்பது வராது. அங்கே வருகிறவர்கள் ஊரை நம்பி வருகிறார்கள். அவர்களைக் காட்டிக் கொடுக்கும் வேலையை ஒரு விளக்கக் கட்டுரை செய்யக் கூடாது.

வீட்டில் கிடைக்காத தனிமை

பொது இடத்தில் சந்திக்கிறார்கள் என்றதும் பலர் அதை அடங்காத ஆசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் காரணம் வெறும் இடநெருக்கடி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சாதாரண வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. அப்பா, அம்மா, தங்கை, கூடவே பாட்டி. இருபத்திரண்டு வயதுப் பையன் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறான். போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிறான். அடிக்கடி மாடிக்குப் போனால் அதற்கும் கேள்வி வரும். சிப்காட்டில் வேலை கிடைத்து வெளியே ரூம் எடுத்தாலும் அந்த ரூமில் நாலு பேர். லாட்ஜுக்குப் போனால் ஆதார் கேட்பார்கள், அதில் உள்ளூர் முகவரி இருந்தால் பல இடங்களில் ரூம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். காபி ஷாப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அந்த வாரச் செலவுக்காசு போய்விடும். ஆக, காசில்லாமல், என்ன வேலை என்று யாரும் கேட்காமல் உட்காரக் கிடைப்பது பொது இடம் மட்டும்தான்.

நாலு சுவருக்குள் கிடைக்காத தனிமை அவனுக்கு ஆயிரம் பேர் நடக்கிற கடற்கரையில் கிடைக்கிறது. இது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இரண்டாவது காரணம் நம் ஊர்ப் பழக்கம் சார்ந்தது. ஓர் ஆணும் பெண்ணும் பூங்கா பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தால் வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வருவார். இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுண்டு விரலைக் கோத்துக்கொண்டு நடந்தால்கூட நல்ல சிநேகிதம் என்றுதான் நினைப்பார்கள். இது பெரிய பாதுகாப்பு. அதே நேரம் இதனாலேயே யார் யார் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். எல்லா ஆண்களும் தோளில் கை போட்டுக்கொண்டிருக்கும் ஊரில் தன்னைப் போன்றவனை எப்படி அடையாளம் காண்பது? அங்கேதான் பார்வையும் சைகையும் தேவைப்படுகின்றன.

எல்லா இடமும் சந்திப்பிடம் ஆகாது

ஓர் இடத்தைச் சந்திப்பிடமாக்குவது அந்த இடத்தின் அமைப்பும் நேரமும். பாண்டி பீச் ரோட்டையே எடுத்துக்கொள்ளலாம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம், தலைமைச் செயலகம் என்று நீளும் அந்தச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரைக்குத்தான் மறுபடி விடுவார்கள். அதன்பின் சாலை முழுக்க நடப்பவர்களுக்கு. ஒரு முனை வரை போய்த் திரும்பி வருவதுதான் அங்கே எல்லோரும் செய்வது. அதனால் எதிரே வந்த ஒரு முகம் கொஞ்ச நேரத்தில் மறுபடி எதிரே வரும். ஒரே மாலையில் மூன்று முறை ஒருவரை ஒருவர் கடந்து போனாலும் பக்கத்தில் நடப்பவருக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தோன்றாது. அந்த இருவருக்கு மட்டும் தெரியும், இரண்டாவது முறை நடை கொஞ்சம் மெதுவானது என்று.

கடலோரக் கட்டைச் சுவரில் உட்காருவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்தவன் தனியாக இருக்க விரும்புகிறான். சாலைப் பக்கம் திரும்பி, போகிற வருகிறவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் யாரையாவது எதிர்பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து ஏதாவது ஒரு குறுக்குத் தெருவுக்குள் நடந்துவிடலாம். இப்படி எளிதாக விலகிப் போக வழி இருப்பது ரொம்ப முக்கியம். ஒரே வாசல் உள்ள பூங்காவில் அது கிடையாது. அதனால்தான் பழகியவர்கள் புதியவனிடம் உள்ளே போவதற்கு முன் வெளியே வரும் வழியைப் பார்த்துக்கொள் என்பார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் வேறு வசதி. அங்கே நிற்பதற்குக் காரணமே தேவையில்லை.

கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை இருக்கிறது, ஊர்க்காரர்கள் சில்வர் பீச் என்பார்கள். அகலமான மணல், நல்ல காற்று, ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம். அங்கே இல்லாத ஒன்று முகம் தெரியாமல் இருக்கும் வசதி. டியூஷன் வாத்தியார், சித்தப்பாவின் நண்பர், தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி என்று பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம். அதனால் கடலூர்ப் பையன் பாண்டி பஸ் ஏறுகிறான். ஒரு மணி நேரத்தில் அவன் யாரோ ஒருவனாகிவிடுகிறான். பாண்டிப் பையன் அதே காரணத்துக்காகச் சென்னை போகிறான், சென்னைப் பையன் வார இறுதியில் பாண்டிக்கு வருகிறான். கடலூர்ப் பையனுக்குக் கடைசி பஸ் கவலையும் உண்டு. பேச்சு சுவாரசியமாகும்போது அவன் போனில் மணி பார்ப்பதை, பக்கத்தில் இருப்பவன் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடக்கூடும்.

சந்திப்பு எப்படி நடக்கிறது

சினிமாவில் வருவது போல எதுவும் இல்லை. ஒரு பார்வை வழக்கத்தை விட ஒரு நொடி அதிகமாக நிற்கும். அவனும் பார்த்தால், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பான். அப்புறம் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்காருவான். முதல் பேச்சு எப்போதும் ஒரு சப்பைக் காரணம்தான். "டைம் என்ன ப்ரோ?" கையில் போன் வைத்திருப்பவன் டைம் கேட்கிறான் என்றாலே கேட்பது டைம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "எந்த ஊரு? படிக்கிறீங்களா, வேலையா?" பெயர் அநேகமாகப் பொய்ப் பெயர். ஊரும் பக்கத்து ஊராக இருக்கும். இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கை வந்தபின் சொந்தப் பெயரைச் சொல்வது இங்கே நட்பின் ஒரு படி.

பதில் வரவில்லை, அல்லது அவன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான் என்றால் அதோடு சரி. எழுந்து போய்விட வேண்டும். இந்த எழுதாத விதியை மதிப்பவர்கள் இருக்கும் வரைதான் அந்த இடம் எல்லோருக்கும் பாதுகாப்பு.

இந்தச் சந்திப்புகளில் உடலுறவு உண்டா என்று கேட்டால், உண்டு, சில நேரம் அது தேடித்தான் வருகிறார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பூங்காவிலோ கழிப்பறையிலோ அப்படி நடப்பதை நான் ஆதரிக்கவும் இல்லை. அங்கே குழந்தைகள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், அந்த இடம் அவர்களுடையதும்தான். ஆனால் பெரும்பாலான மாலைகள் பேச்சிலேயே முடிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று ஒருவன் அழுவான். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் உள்ள ஒருவர் இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததை முதல்முறையாகச் சொல்வார். பெண்மை கலந்த நடையும் பேச்சும் உள்ளவர்கள் தங்களுக்குள் கோத்தி என்று சொல்லிக்கொள்வார்கள், தாங்கள் விரும்பும் ஆணைப் பந்தி என்பார்கள். ஆங்கிலம் படித்த கல்லூரி மாணவன் கே என்பான். மீன்பிடி குப்பத்திலிருந்து வரும் பையனுக்கு இதில் எந்தப் பெயரும் தேவைப்படாமல் இருக்கலாம். வேறு எங்கும் ஒன்றாக உட்கார வாய்ப்பில்லாத இவர்கள் ஒரே சுவரில் உட்கார்ந்து சுண்டல் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இந்த இடங்கள் மேல் இருக்கும் மரியாதைக்கு முக்கியக் காரணம் இதுதான்.

யாரோடும் பேசாமல், சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கென்றே வருபவர்களும் உண்டு. தன்னைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த ஊரில் நடமாடுகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பதே சிலருக்கு அந்த மாதத்தைக் கடக்கப் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் சந்திப்பிடமும் இந்தப் பகுதியில் உண்டு. கூத்தாண்டவர் திருவிழா. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகத்தில் சித்திரை மாதம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும், புதுச்சேரியில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் விழா உண்டு. திருநங்கைகளின் விழா என்று நாளிதழ்கள் எழுதும் அந்தக் கூட்டத்தில் கோத்திகளும் கே இளைஞர்களும் நிறையப் பேர் இருப்பார்கள்.

சட்டம் எந்தப் பக்கம்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு காலத்தில் சட்டத்திலேயே கோடு இருந்தது. ஆங்கிலேயர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆவது பிரிவு ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கியது. கடலூர் அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தது. பிரான்சிலோ 1791 தண்டனைச் சட்டத்திலேயே இந்தக் குற்றத்தை நீக்கியிருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16இல் இணைந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது 1963 அக்டோபர் 1 முதல். அதாவது 377 பிரிவு பாண்டிக்கு வந்ததே சுதந்திர இந்தியாவோடுதான். இதை வைத்து அந்தக் காலத்துப் பாண்டி தாராளமாக இருந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். சட்டம் சும்மா இருந்தாலும் தெரு சும்மா இருக்காது.

377ஐ டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் கட்டுப்படுத்தியது, உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தது, அதே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல், நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயது வந்தவர்கள் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

தீர்ப்பில் தனிமையில் என்ற சொல் இருக்கிறதே, நம் மஞ்சக்குப்பம் பையனுக்கு அங்கேதான் இடிக்கிறது. சட்டம் அறைக்குள் சுதந்திரம் கொடுத்தது, அவனிடம் அறை இல்லை. அந்த வழக்கை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான சந்திரசூட் இதை உணர்ந்தவர் போல, பொது இடங்களில் அரசின் தலையீடு இல்லாமல் தம் விருப்பப்படி நடமாடுவதும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று தன் தனித் தீர்ப்பில் எழுதினார். அந்த வாக்கியம் நம் ஊர் பீட் கான்ஸ்டபிள் வரை வந்து சேர வேண்டும்.

கொஞ்சம் வந்திருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்களின் வழக்கில், போலீஸ் தொல்லை தொடங்கி 'குணப்படுத்தும்' போலிச் சிகிச்சை வரை பல விஷயங்களுக்கு உத்தரவுகள் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில், இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தனி விதியே சேர்க்கப்பட்டது. அந்த விதி கடலூர் போலீசுக்குப் பொருந்தும். புதுச்சேரி போலீஸ் தனி. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் உண்டு.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். பூங்காவில் உட்காருவதும் பேசுவதும் கையைப் பிடித்துக்கொள்வதும் குற்றமில்லை. பிறருக்கு இடைஞ்சலாகப் பொது இடத்தில் ஆபாசமாக நடந்தால் நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவு பாயும். அது ஆண் பெண் ஜோடிக்கும் அப்படியே பொருந்தும்.

மிரட்டல்

பொது இடத்தில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் காக்கிச் சட்டையில் வருவதில்லை. நல்லவன் போலப் பேசி ஒதுக்குப்புறமாக அழைத்துப் போவான், அங்கே இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். "உங்க அப்பா நம்பர் கொடு, போன் போட்டுச் சொல்லிடுவோம்" என்பார்கள். பர்ஸ், போன், ஜிபேயில் இருப்பது எல்லாம் போகும். சில சமயம் தங்களைப் போலீஸ் என்றே சொல்லிக்கொள்வார்கள். இந்தத் தொழிலின் மூலதனமே அந்தப் பையனின் பயம். புகார் கொடுக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் கேட்கிறார்கள்.

மிரட்டிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். புகார் தரும்போது ஏன் அங்கே போனாய் என்று கேட்டால், கடற்கரைக்குப் போயிருந்தேன் என்பதே முழுமையான பதில். தனியாகப் போகப் பயமாக இருந்தால் 15100க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம். முதல் தடவை கேட்டதைக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி அழைப்பார்கள். அதனால் அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட், வந்த மெசேஜ், நம்பர் எதையும் அழிக்கக் கூடாது.

போன் வந்தபின்

ஆண்கள் ஆண்களைத் தேடிச் சந்திக்க உதவும் கிரைண்டர் என்ற போன் ஆப் 2009இல் வந்தது. மலிவு டேட்டா வந்தபின் கடலூர்ப் பையனுக்கும் அது கைக்கு எட்டியது. யார் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று திரையே சொல்லிவிடும்போது மூன்று முறை நடக்க வேண்டிய தேவை என்ன? பீச்சுக்கு வருபவர்கள் குறைந்தார்கள். மிரட்டுபவர்களும் போனுக்குள் இடம் மாறினார்கள், பொய்ப் படம் வைத்து அழைப்பது சுவரில் உட்கார்ந்து ஏமாற்றுவதை விட அவர்களுக்கு எளிது.

இதில் நாம் இழந்தது ஒன்று உண்டு. கடற்கரையில் புதிதாக வரும் இருபது வயதுப் பையனை நாற்பது வயது அண்ணன் ஒருவர் பார்த்து, "தம்பி, அவன்கூடப் போகாத, ஆள் சரியில்ல" என்று சொல்வார். ஆணுறை இருக்கிறதா என்று கேட்பார். திரையில் அந்த அண்ணன் இல்லை. வயதை வடிகட்டிவிட்டால் அவர் கண்ணிலேயே பட மாட்டார்.

எச்ஐவி தடுப்புப் பணியும் இந்த இடங்களை நம்பித்தான் வளர்ந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் திட்டங்களில் வேலை செய்யும் களப்பணியாளர்கள், ஹாட்ஸ்பாட் என்று அவர்கள் சொல்லும் சந்திப்பிடங்களுக்கு நேரில் போய் ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள். சென்னையில் 1998இல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் என்ற அமைப்பு இப்படித்தான் ஆட்களைச் சேர்த்தது. புதுச்சேரியிலும் சகோதரன் என்ற பெயரில் ஓர் அமைப்பு இயங்கிவருகிறது. களப்பணியாளர் பெரும்பாலும் அதே சமூகத்து ஆள் என்பதால் அவரிடம் கூச்சமில்லாமல் பேசலாம். போனுக்குள் போய்விட்ட பையனை அவர் எங்கே தேடுவார்?

அதனால் இதை அவன் தானே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்ஐவி சட்டப்படி சம்மதமில்லாமல் பரிசோதிக்கவும் முடிவை வெளியே சொல்லவும் கூடாது. பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் தொற்றைத் தடுக்கும் மாத்திரை உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சந்தேகங்களுக்கு 1097.

பொது இடங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. உயர்கோபுர விளக்குகள், கேமரா, நேரத்துக்குப் பூட்டும் கேட். வெளிச்சத்தை நான் எதிர்க்க மாட்டேன். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து தனியாக நடக்கும் பெண்ணுக்கு அது வேண்டும், மிரட்டலுக்குப் பயப்படும் கே பையனுக்கும் வேண்டும். நான் எதிர்ப்பது பெஞ்சை எடுத்துவிடுவதையும், தனியாக உட்கார்ந்திருப்பவரை எழுப்பி விரட்டுவதையும். வெளிச்சமான இடத்தில் நாலு பெஞ்சும், கேள்வி கேட்காத ஒரு வாட்ச்மேனும் இருந்தால் யாரும் இருட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

புதிதாக யாரையாவது சந்திக்கப் போகிறீர்கள் என்றால், போனில் பழகியவராக இருந்தாலும், முதல் முறை பகலில், கூட்டம் உள்ள இடத்தில் பாருங்கள். முதலில் வீடியோவில் முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒரு நண்பரிடமாவது சொல்லிவையுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பணம் நிறைய உள்ள கணக்கைப் போனில் வைக்காதீர்கள். வேறு இடத்துக்குப் போகலாம் என்று அவர் அவசரப்படுத்தினால் எழுந்துவிடுங்கள். எதிரே இருப்பவருக்கு 18 நிறையவில்லை என்று தோன்றினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், சம்மதம் இருந்தாலும் 18 நிறையாதவரோடு உடலுறவு போக்சோ சட்டப்படி குற்றம். இதைப் படிக்கும் உங்களுக்கே 18 ஆகவில்லை என்றால், இந்த இடங்களுக்கு இப்போது போக வேண்டாம். மனசு தாங்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ, மனநல ஆலோசனைக்கான 14416க்கோ அழையுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.